கேசட்டில் ஏறிய நாட்கள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்னைப் பார்க்க வந்தால் முதலில் கேட்பது, "மேடம், ஞாபக சக்திக்கு நீங்க எந்த டெஸ்ட் போடுவீங்க?" என்பதுதான். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். காய்ச்சலுக்கு எந்த ஊசி என்பது போலக் கேட்கிறீர்கள். டெஸ்ட் போடுவது உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும். உங்களுக்குக் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுகிறது. டெஸ்ட் ஒன்று சொல்லி, குழந்தை வேறொன்று சொல்லி, அம்மா மூன்றாவதாக ஒன்று சொல்லும்போது யார் பேச்சை எடுத்துக்கொள்வது என்பதில்தான் நம் பிழைப்பே இருக்கிறது. அப்படி என்னைத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதுகிறேன். ஓய்வு பெற்றும் இன்றுவரை எனக்கு அவளைப் பற்றிய ஆச்சரியம் தீரவில்லை.

திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவில் எனக்கு வேலை. வராந்தாவின் கோடியில், உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்த அறைக்குப் பக்கத்து அறை. மேஜையில் மரக்கட்டைகளும் படங்களும் பரப்பிக் கிடக்கும் என்பதால் எனக்குப் 'பொம்மை டாக்டரம்மா' என்று பெயர். நான் டாக்டரே இல்லை, உளவியல் படித்தவள் என்று கொஞ்ச காலம் திருத்திப் பார்த்தேன். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டேன். சித்தூர் மிஷன் காம்பவுண்டில் பிறந்து வளர்ந்தவள் நான். சீட்டு வாங்குகிற வரிசையில் தெலுங்கு பேசிவிட்டு வருகிற எல்லையோர கிராமத்துப் பெண்கள், நான் தமிழ் என்று தெரிந்ததும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார்கள். பாதி உண்மை அந்தச் சாய்ந்த நிமிடத்தில்தான் வெளியே வரும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை கண்ணாடிப் பெட்டியை விட்டு வெளியே வந்து, பால் குடித்து, எடை ஏறினால் அன்றைக்கு வார்டே இனிப்பு சாப்பிடும். நானும் சாப்பிட்டிருக்கிறேன். கண்ணைப் பார்ப்பார்கள், காதைப் பார்ப்பார்கள், தலை நிற்கிறதா என்று பார்ப்பார்கள். ஏழெட்டு வருஷம் கழித்து அதே குழந்தை பள்ளிக்கூடத்துப் புகாரோடு பஸ் ஏறி வரும். மூன்று வேலை சேர்த்துச் சொன்னால் ஒன்றுதான் செய்கிறது, வாய்ப்பாடு நிற்கவில்லை, மத்தியானம் ஆனால் சோர்ந்துவிடுகிறது என்பார்கள். எல்லாக் குறைமாதக் குழந்தைகளும் இப்படி இல்லை. ஒரு குறையும் இல்லாமல் வளர்கிறவர்கள் நம்மிடம் வரப்போவதில்லை, அதனால் நம் கண்ணில் படுவதில்லை. இதைப் பெற்றோரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பவானி அப்படியொரு புகாரோடு வரவில்லை. அவளைப் பற்றிப் பள்ளிக்கூடம் ஒரு குறையும் சொல்லவில்லை. புகார் சொன்னது அவளுடைய அப்பா.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத்தும், ஊருக்கு ஊர் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடமும் முளைத்துக்கொண்டிருந்த நேரம். சித்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆண்கள் பெங்களூருக்கும் குவைத்துக்கும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பாலசமுத்திரத்துக்காரர் முனிரத்தினம், குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவர். பரம்பரையில் சொந்த நிலம் என்று முதன்முதலில் வாங்கியவர் அவர்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். அவருடைய மனைவி கஸ்தூரிதான் ஒன்பது வயது மகளைக் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தை. முதல் சில நாட்களில் அடிக்கடி மூச்சு நின்று நின்று வந்ததாம். பிறந்தது எங்கள் ஆஸ்பத்திரியில் என்பதால் இங்கேயே கேட்டுவிடலாம் என்று வந்திருக்கிறாள். பாத்திரம் ஓட்டையானால் வாங்கின கடைக்கே எடுத்துப் போவது போல. அந்த நியாயம் எனக்குப் பிடித்திருந்தது.

நடந்தது இதுதான். போன லீவில் முனிரத்தினம் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு நாராயணவனம் கோயிலுக்குப் போயிருக்கிறார். நாள் முழுக்க அப்பாவும் மகளும்தான். அந்த ஒரு நாளை இரண்டு வருஷம் குவைத்தில் வைத்துக்கொண்டு, கூட இருப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி ஓட்டியிருக்கிறார். இந்த லீவில் வந்து இறங்கியதும், நாராயணவனம் போனோமே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றாள் மகள். கோயில் யானை? இல்லை. வாங்கிக் கொடுத்த வளையல்? இல்லை. அடுத்த நாள் கேட்டபோது, இருக்கிறது என்று சொல்லி, நடக்காததை எல்லாம் சொன்னாள். அப்புறம் ஒரு நாள் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் எதிர்க்கடையில் சோடா வாங்கி வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவள் திரும்பி வரவில்லை. தேடிப் போனால் வேலூர் பஸ் நிற்கிற இடத்தில் சாவதானமாக நிற்கிறாள். நீதானே இங்கே நிற்கச் சொன்னாய் என்றாளாம். பொய் சொல்கிறாள் என்று கன்னத்தில் ஓர் அறை.

அதோடு நிற்கவில்லை. தான் இல்லாத வீட்டில் மகளைத் தனக்கு ஒட்டாமல் வளர்த்துவிட்டாள் என்று மனைவி மேல் சந்தேகம். திருப்பதியில் ஓர் ஆஸ்டல் பள்ளிக்கூடத்தில் சீட்டுப் பிடித்தாகிவிட்டது. விமானம் ஏறுவதற்கு முன் மகளை அங்கே சேர்த்துவிட்டுத்தான் போவேன் என்று உட்கார்ந்திருக்கிறார்.

"பொய் சொல்ற கொழந்த இல்ல மேடம் இது," என்றாள் கஸ்தூரி. "ஆனா சொல்றது பொய்யா கீது. அத்த எப்டி சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

அன்று பவானியை உட்கார வைத்துப் பார்த்தேன். நன்றாகப் படித்தாள். எந்த நாட்டுக்கு எது தலைநகரம் என்று கடகடவென்று சொன்னாள். பத்யம் என்கிற தெலுங்குச் செய்யுள் ஒன்றை ராகத்தோடு ஒப்பித்தாள். எண்களைச் சொன்னால் முன்னாலும் பின்னாலும் திருப்பிச் சொன்னாள். ஒரு குட்டிக் கதை சொன்னேன், அப்படியே திருப்பிச் சொன்னாள். என்ன குறை என்று எனக்கே புரியவில்லை. கேண்டீனில் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். வந்ததும், நான் சொன்ன கதையை இன்னொரு தடவை சொல் பார்க்கலாம் என்றேன்.

எந்தக் கதை என்று கேட்டாள்.

சரி, என்ன சாப்பிட்டாய் என்றேன். இட்லி என்றாள். பின்னால் நின்ற கஸ்தூரி பொங்கல் என்று வாயசைத்தாள். நான் பவானியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்கிற குழந்தை நம் முகத்தைப் பார்க்கும், நாம் நம்பினோமா என்று. இவள் மேலே விட்டத்தைப் பார்த்தாள், தேடினாள், ஒன்றும் அகப்படவில்லை. வழக்கமாகச் சாப்பிடுவது எதுவோ அதை எடுத்துக் கொடுத்தாள். அவ்வளவுதான். ஞாபகம் இல்லாத இடத்தில் நியாயமாக இருக்கக்கூடியதை இட்டு நிரப்புகிறாள். வேலூர் பஸ் நிற்கும் இடத்தில் நின்றதும் இதே கதைதான்.

ஓடிப் போய் எங்கள் பெரிய டாக்டரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், ஆனால் சுலபத்தில் மடங்கமாட்டார். ஞாபகமே நிற்காத பிள்ளை எப்படி இத்தனை பாடம் படித்தது என்று கேட்டார். ஞாபகம் என்பது ஒரே பெட்டி என்றுதான் அப்போது நாங்கள் படித்திருந்தோம். பெட்டி ஓட்டை என்றால் எல்லாமும்தானே ஒழுக வேண்டும்? உன் கதை குழந்தைக்குப் போரடித்திருக்கும் என்று சிரித்தார். எனக்கு மூக்கு உடைந்த மாதிரி ஆகிவிட்டது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. பாடம் நிற்கிறது, நாள் நிற்கவில்லை. ஏன்?

அடுத்த முறை வந்தபோது கஸ்தூரியே என் யோசனையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். நாளும் நிற்கிறது மேடம் என்றாள். மாடு கன்று போட்ட நாள், கங்கம்மா கோயில் ஜாத்திரை, மாமா கல்யாணத்தில் ஜெனரேட்டர் நின்றுபோனது, எல்லாம் பாப்பா புட்டுப் புட்டு வைக்கும் என்றாள். எனக்குப் பெரிய குழப்பம். ஜாத்திரை நிற்கிறது, நாராயணவனம் நிற்கவில்லை. கன்றுக்குட்டி நிற்கிறது, அப்பா நிற்கவில்லை. முனிரத்தினம் சொல்வது போல, அப்பா மேல் பிரியம் இல்லை என்பதுதான் காரணமோ என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. அந்த எண்ணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, கன்றுக்குட்டி கதையைச் சொல்லு என்றேன்.

"மாடு கன்னு போட்டுச்சி. செவலக் கன்னு. நெத்தியில வெள்ள கீது. மாமா வைக்கோல் வெச்சித் தொடச்சாரு. அது எழுந்து எழுந்து வுழுந்துச்சி. நான் சிரிச்சேன், அம்மா திட்டுச்சி. சரி நைனா, ஒடம்பப் பாத்துக்கோ, வேளைக்கி துன்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவைத்தானே நைனா என்பார்கள், நான் என்ன அவளுக்கு நைனாவா? இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொல் மாறாமல் அதே கதை, முடிவில் அதே நைனா, அதே வேளைக்குச் சாப்பாடு. கஸ்தூரியைத் திரும்பிப் பார்த்தேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

கேசட்டுக்காகச் சொல்லிக் கொடுத்தது என்றாள். குவைத்தில் இருப்பவருக்குப் போன் செய்தால் கட்டணம் கட்டி மாளாது. கடிதம் எழுத அவளுக்குக் கை வராது. அதனால் அக்கம்பக்கத்து ஊரிலிருந்து யார் குவைத்துக்குப் போனாலும் அவர்களிடம் ஒரு கேசட் கொடுத்தனுப்புவாள். பதிவு செய்வதற்கு முன்னால் மகளை உட்கார வைத்து, இன்ன இன்ன சேதி சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து, தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை சொல்ல வைப்பாள். நடுவில் தடுமாறினால் டேப் வீணாகுமே! நன்றாக வாய்க்கு வந்த பிறகுதான் பட்டனை அமுக்குவாள். கன்றுக்குட்டி, ஜாத்திரை, ஜெனரேட்டர் எல்லாம் கேசட்டில் போனவை.

நான் எழுந்து நின்றுவிட்டேன். பவானிக்குத் தெரிந்த நாட்கள் எல்லாம் கேசட்டில் ஏறிய நாட்கள். நடந்த நாள் தானாக அவளிடம் தங்கவில்லை. பத்யத்தைப் போல, தலைநகரத்தைப் போல, திரும்பத் திரும்பச் சொல்லிப் பாடமானதுதான் தங்கியது. அப்படியென்றால் எந்த நாட்கள் கேசட்டில் ஏறாது? நைனா வீட்டில் இருக்கிற நாட்கள். அவர்தான் பக்கத்திலேயே இருக்கிறாரே, யாருக்குப் பதிவு செய்து அனுப்புவது? அந்த மனிதர் மகளோடு கழித்த நாட்களைப் பார்த்துப் பொறுக்கியெடுத்த மாதிரி, அவைதான் அவளிடம் இல்லாமல் போயிருந்தன.

இப்போது உங்கள் புத்தகங்களில் இதற்குப் பெயர் இருக்கிறது. பிறந்த புதிதில் மூச்சுத் திணறியபோது, நடந்ததைப் பிடித்து வைக்கிற இடத்தில் மட்டும் அடிபட்டிருக்கலாம் என்பீர்கள். ஸ்கேனில் காட்டவும் செய்வீர்கள். எங்களிடம் அப்போது பெயரும் இல்லை, ஸ்கேனும் இல்லை. பெரிய டாக்டரிடம் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. வார்டு வேலையை விட்டுவிட்டு வந்து பவானியிடம் கன்றுக்குட்டி கதையை அவரும் ஒரு முறை கேட்டார். அவருக்கும் வேளைக்குச் சாப்பிடச் சொல்லி உத்தரவு கிடைத்தது. அப்பாவைக் கூப்பிடு, சீக்கிரம் கூப்பிடு என்றார்.

முனிரத்தினம் வந்தது ஆஸ்டலில் சேர்க்கிற நாளைக்கு முந்தின நாள். சென்ட் வாசனை, பெரிய கைக்கடிகாரம், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன், இந்த வேலையில் எதைச் சொல்வது என்று நான் திணறிய வேளைகளில் அது ஒன்று. மூளை என்ற வார்த்தையை எடுத்தால், பைத்தியம் என்று அவர் காதில் விழும். சும்மா மறதிதான், சரியாகிவிடும் என்றால் அது பச்சைப் பொய். அதை நம்பி அடுத்த லீவில் வந்து மறுபடியும் கேட்பார், மறுபடியும் அறைவார். எதையும் விளக்குவதில்லை என்று முடிவு செய்தேன். அவரே பார்க்கட்டும்.

காலையில் எப்படி வந்தாய் என்று பவானியைக் கேட்டேன். பஸ்ஸில் வந்தோம், ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன் என்றாள். சிநேகிதர் ஒருவரின் ஜீப்பில் வந்திருக்கிறார்கள். பாருங்கள் பொய்யை என்று முனிரத்தினம் கையை ஓங்கினார். அவர் கையை நான் பிடித்தேன், கொஞ்சம் அழுத்தமாகவே பிடித்தேன் என்று நினைக்கிறேன். அவள் முகத்தைப் பாருங்கள், உங்களைப் பார்த்தா சொன்னாள், எங்கேயோ தேடித்தானே சொன்னாள் என்றேன். பிறகு பவானியிடம் கன்றுக்குட்டி கதையைக் கேட்டேன்.

அவள் ஆரம்பித்தாள். செவலைக் கன்று. நெற்றியில் வெள்ளை. நான் அவளைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முனிரத்தினத்தின் உதடுகள் அவளோடு சேர்ந்து அசைந்தன. குவைத்தில் அந்தக் கேசட்டைத் தேயத் தேயப் போட்டுக் கேட்டிருக்கிறார். அவளுக்கு முன்னால் அவர் உதடு வைக்கோல் வரிக்குப் போய்விட்டது, அவளோடு சேர்ந்து சிரித்தார்.

அப்புறம்தான் உட்கார்ந்தார்.

"அந்தக் கன்ன நான் பாக்கவே இல்ல மேடம். நான் வர்றதுக்குள்ள வித்துட்டாங்க. ஆனா பாத்த மாதிரியே கீது," என்றார். பிறகு மகளைப் பார்த்தார். "அப்ப எம் பொண்ணுக்கும் அது கேசட்டுல கேட்டதுதானா? பக்கத்துலயே நின்னுக்கினு கீது, அதுவும் என்ன மாதிரி தூரத்துலதான் கீதா?"

எத்தனையோ மாநாட்டில் உட்கார்ந்திருக்கிறேன். இதைவிடச் சரியாக இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆமாம் என்றேன். நடந்த நாளிலிருந்து அவள் எப்போதும் தூரத்தில் இருக்கிறாள், யாராவது அந்த நாளை அவளுக்கு அனுப்பி வைக்க வேண்டும் என்றேன்.

அவர் அதோடு விடவில்லை. "சொல்லிக் குடுத்து வந்தா, அது என்கூட இருந்த நெனப்பா மேடம்? பாடம்தானே?"

பாடம்தான் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் ஆஸ்டலைப் பற்றிச் சொல்ல என்னிடம் விஷயம் இருந்தது. அங்கே அவளோடு உட்கார்ந்து ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அன்றைய நாளைச் சொல்ல வைக்க யாரும் இல்லை. எந்த அறை, எந்த வரிசை, யார் என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொரு நாளும் தடுமாறுவாள், ஒவ்வொரு நாளும் பொய்க்காரி என்று பெயர் வாங்குவாள். இத்தனை நாட்களாவது அவளிடம் இருக்கின்றன என்றால் அது கஸ்தூரியால்தான் என்றேன். கஸ்தூரி தலையைத் தூக்கவில்லை. முனிரத்தினம் எழுந்து வெளியே போய்விட்டார். அவள் மகளைக் கூட்டிக்கொண்டு பின்னால் போனாள்.

என்ன முடிவு செய்தார் என்று தெரியாமல் நான் தவித்துப்போனேன். பெரிய டாக்டர் வராந்தாவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணாலேயே கேட்பார், நான் உதட்டைப் பிதுக்குவேன். சில வாரம் கழித்துக் கஸ்தூரி தனியாக வந்தாள். ஆஸ்டலில் சேர்க்கவில்லை. முனிரத்தினம் குவைத் போய்ச் சேர்ந்து முதல் கேசட் அனுப்பியிருந்தார். எனக்குப் போட்டுக் காட்டினாள். அதில் ஞாபகம் இருக்கிறதா என்ற கேள்வி ஒரு இடத்தில்கூட இல்லை. பவானி, நாம் நாராயணவனம் போனோம், நீ பச்சைப் பாவாடை கட்டியிருந்தாய் என்று ஆரம்பித்துப் படிப்படியாகச் சொல்லிக்கொண்டே போனார். யானைக்குப் பயந்து அவர் காலுக்கு நடுவில் ஒளிந்துகொண்டது வரைக்கும். கடைசியில், திருப்பிப் போட்டுக் கேளு என்றார். அப்படி எத்தனையோ கேசட்.

இதிலிருந்து என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் பேனாவை எடுப்பது தெரிகிறது. ஒன்றே ஒன்றுதான். குழந்தைக்கு என்ன தெரியவில்லை என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். தெரிந்தது எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். நான் தெரியாததையே நோண்டிக்கொண்டிருந்திருந்தால் கன்றுக்குட்டிக்கு வந்திருக்கவே மாட்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஓர் இளம்பெண் ஒரு கூடை மாம்பழத்தோடு என் அறை வாசலில் நின்றாள். பவானி. டிகிரி முடித்துவிட்டுச் சித்தூரில் ஓர் ஆபீஸில் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். அன்றன்றைக்கு நடந்ததைச் செல்போனில் தானே பேசிப் பதிவு செய்துகொண்டு மறுநாள் கேட்கிறாளாம். நைனா குவைத்தை விட்டு வந்துவிட்டார், மாந்தோப்பு வைத்திருக்கிறார் என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் என்ன கேட்கக் கூடாதோ அதையே கேட்டேன்: என்னை ஞாபகம் இருக்கிறதா?

"இல்ல மேடம்," என்றாள், கொஞ்சமும் கூச்சப்படாமல். "ஆனா தெரியும். நைனா சொல்லிக்கீறாரு."

சொல்லத் தொடங்கினாள். மேஜையில் மரக்கட்டை இருந்தது. நான் நீலப் புடவை கட்டியிருந்தேன். நைனா கையை ஓங்கினார், நான் பிடித்தேன். அவள் கன்றுக்குட்டி கதை சொன்னாள். நைனா எழுந்து வெளியே போனார். இதுவரை எனக்கும் தெரியும். அவள் அதோடு நிறுத்தவில்லை.

"வெளிய வந்து பெஞ்ச்சிமேல உக்காந்து நைனா அழுதாரு. உன்ன அட்ச்சிட்டனேன்னு அழுதாரு. நான் அவரு கண்ணத் தொடச்சேன். அப்பறம் பால்கோவா வாங்கிக் குடுத்தாரு, ரெண்டு பேரும் துன்னோம்."

அந்த பெஞ்சு என் அறைக் கதவுக்கு நேர் எதிரே கிடந்தது. அன்று முழுக்க நான் கதவைத் திறந்து பார்க்காமல் உள்ளேதான் இருந்தேன், அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

கூடையை என் மேஜைமேல் வைத்துவிட்டு அவள் கிளம்பினாள். வாசல் வரைக்கும் போனவள் நின்று, "சரி மேடம், ஒடம்பப் பாத்துக்கோங்க, வேளைக்கி துன்னுங்க," என்றாள்.